கிடாரியின் மடியை ஸ்கேன் எடுத்தால் பால் அளவு தெரியுமா?

உசிலம்பட்டிக்கு அருகில் இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தரகர் ஒருவர் 11 மாத ஜெர்சி கலப்பினக் கிடாரியைக் கொண்டுவந்து, அதன் மடியை ஸ்கேன் எடுத்த படத்தைக் காட்டி, ஈன்றதும் நாளைக்கு 15 லிட்டர் கறக்கும் என்று சொல்கிறார். அந்தப் படத்துக்காகவே விலையில் 8,000 ரூபாய் கூட்டிக் கேட்கிறார். எங்களிடம் இருக்கும் கிடாரிக்கும் அதே வயதுதான். மடி மிகச் சிறியதாக இருக்கிறது. அதற்கும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா?"

அந்த 8,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் கிடாரிக்கு மடி ஸ்கேனும் இப்போது தேவையில்லை. 11 மாதக் கிடாரியின் மடியைப் படம் எடுத்து, அது ஈன்ற பின் எத்தனை லிட்டர் கறக்கும் என்று சொல்லக்கூடிய கருவி எவரிடமும் இல்லை.

ஸ்கேன் கருவி பொய் சொல்லவில்லை. படத்தைக் காட்டுபவர்தான் அது சொல்லாததைச் சொல்கிறார். சினை பார்க்கும் அதே கருவியை மடியின் மேல் வைத்தால், பால் சுரப்பித் திசுவையும் அதைச் சூழ்ந்துள்ள கொழுப்பையும் திரையில் வேறுபடுத்திப் பார்க்கலாம். ஆராய்ச்சிப் பண்ணைகளில் கன்றுகளை மாறுபட்ட தீவனங்களில் வளர்த்து, எந்தத் தீவனத்தில் சுரப்பி நன்கு வளர்கிறது என்று ஒப்பிடுவதற்கு இம்முறை பயன்படுகிறது. அங்கே ஒரே கருவியை, ஒரே வெளிச்ச அளவில், பயிற்சி பெற்ற ஒருவரே கையாண்டு, நான்கு கால்மடிகளையும் (ஒவ்வொரு காம்புக்கும் உரிய மடிப் பகுதி) திரும்பத் திரும்ப அளப்பார்கள். சந்தையில் கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தாலோ, சாய்த்து வைத்தாலோ, திரையின் வெளிச்சத்தை ஒரு படி கூட்டினாலோ அதே மடி வேறு மடியாகத் தெரியும். அது மட்டுமன்று, பாலைச் சுரக்கும் நுண்ணறைகள் பெருமளவு உருவாவது சினைக் காலத்தில்தான், அதிலும் கடைசி மூன்று மாதங்களில்தான். இந்த வயதில் படம் எடுத்து லிட்டர் சொல்வது, நாற்றங்காலைப் பார்த்து நெல் மூட்டையை எண்ணுவது போன்றது.

பெரிய மடியைக் கண்டு மயங்காதீர்கள். ஏறத்தாழ மூன்று மாத வயதிலிருந்து பருவம் அடையும் வரை மடிச் சுரப்பி உடலைவிட வேகமாக வளரும். அந்தக் காலத்தில் சோறும் கஞ்சியும் மக்காச்சோள மாவும் அளவுக்கு மீறிக் கொடுத்தால், சுரப்பி வளர வேண்டிய இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். கைக்குச் சதையாக நிறையும் அந்த மடியைத்தான் தரகர்கள் தடவிக் காட்டி விலையை ஏற்றுகிறார்கள். விற்பதற்கு முன் சில மாதங்கள் கொழுக்க வைப்பது அவர்களுக்குப் பழகிய தொழில். மடியை வளர்க்கும் என்று சொல்லி ஊசி போட வருகிறவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அவர்களில் பலர் கையில் இருப்பது ஆக்சிடோசின். அது சுரந்த பாலை இறங்கச் செய்யும் மருந்தே தவிர, மடியை வளர்ப்பதன்று. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது.

மடி சிறியதாக இருப்பது கவலைக்குரியதாகும் நிலை ஒன்று உண்டு. உங்கள் கிடாரி வீட்டில் பிறந்ததா, விலைக்கு வாங்கியதா என்று நீங்கள் எழுதவில்லை. விலைக்கு வாங்கியதென்றால், அது காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா என்று அவசியம் விசாரியுங்கள். அப்படிப் பிறக்கும் கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை மலடாகவே இருக்கும். கருவிலேயே இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி இரத்த நாளங்கள் இணைந்து, ஆண் கன்றின் இயக்குநீர் (ஹார்மோன்) கிடாரியின் கருப்பையையும் சினைப்பையையும் வளரவிடாமல் தடுத்துவிடுகிறது. மடியும் காம்பும் சிறுத்தே நிற்கும்; பிறப்புறுப்பு சிறியதாகவும், அதன் கீழ்முனையில் நீண்ட மயிர்க்கற்றையோடும் காணப்படும். இதைக் கண்டறியவும் மடி ஸ்கேன் உதவாது. சில வாரக் கன்றென்றால் பிறப்புறுப்புக் குழாயின் நீளத்தை அளந்தே மருத்துவர் சொல்லிவிடுவார். இயல்பான கன்றுக்கு 13 முதல் 15 செ.மீ. இருக்கும், மலட்டுக் கன்றுக்கு 5 முதல் 8 செ.மீ.தான். 11 மாதக் கிடாரிக்கு ஆசனவாய் வழியாகக் கையாலோ ஸ்கேனாலோ கருப்பையைச் சோதிக்க வேண்டும். தரகர் கொண்டுவந்த கிடாரிக்கும் படத்தை ஒதுக்கிவிட்டு இந்தச் சோதனையைக் கேளுங்கள். மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு வில்லை மாட்டுகிறோம். தாயின் கறவை என்ன, எந்தக் காளையின் உறைவிந்து, ஒற்றைப் பிறப்பா இரட்டைப் பிறப்பா என்ற மூன்று செய்திகளை அந்த எண்ணுக்கு எதிரே ஒழுங்காகப் பதிந்திருந்தால், தரகரின் படத்துக்கு எந்த மதிப்பும் இருக்காது. வில்லை மாட்டிய எண்ணிக்கையைத்தான் மேலிடம் கேட்கிறது; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. கருவி வாங்குவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள். அதைக் கையாளும் பயிற்சிக்கும், தடவும் ஜெல்லுக்கும் ஒதுக்குவதில்லை. மருத்துவமனையில் உறை போட்டுக் கிடக்கும் கருவி விவசாயிக்குப் பயன்படாமல் போக, சந்தையில் தரகரின் கருவி வேலை செய்கிறது. இது மிகவும் வேதனையானது.

உங்கள் கிடாரி வீட்டில் ஒற்றையாகப் பிறந்ததென்றால் மடியை மறந்துவிட்டு எடையைப் பாருங்கள். நாளொன்றுக்கு 400 முதல் 500 கிராம் வரை ஏறினால் போதும். மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வரும் தொகையைத் தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் (அதுவும் அங்குலத்தில்) பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். முதிர்ந்த மாட்டின் எடையில் 60 முதல் 65 சதவீதத்தை எட்டிய பிறகு சினை ஊசி போடுங்கள்.

சினையான பின், ஏழாம் மாதம் முதல் நான்கு காம்புகளையும் மென்மையாகத் தொட்டுப் பாருங்கள். பீய்ச்சிப் பார்க்காதீர்கள், காம்பு நுனியின் அடைப்பு விலகி மடிநோய்க் கிருமி உள்ளே புகும். ஏதாவது ஒரு காம்பு உள்ளே கயிறு போலக் கெட்டியாக இருந்தாலோ, ஒரு கால்மடி மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் காம்புக் குழாய் திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று அறிவதற்கு ஸ்கேன் உண்மையிலேயே உதவும். அப்போது தயங்காமல் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.