கக்குவான் இருமல்: குழந்தை மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஒன்றரை மாதப் பேரனுக்கு லேசான இருமல்தான். நேற்றிரவு திடீரென்று மூச்சு நின்று உதடு நீலம் பாரித்தது, உடனே தெளிந்துவிட்டான். இன்று நன்றாகப் பால் குடிக்கிறான். பொறுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?

பதில்: பொறுக்கவே வேண்டாம், அம்மா. இதைப் படித்த கையோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கக்குவான் என்றதும், விடாமல் இருமி முடித்து ‘ஹூப்’ என்று மூச்சை இழுக்கும் சத்தத்தைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். கைக்குழந்தைக்கு அப்படி இழுக்கத் தெம்பு கிடையாது. இருமலே இல்லாமல் மூச்சு மட்டும் நின்று போவதும் உண்டு. ஒரு தடவை மூச்சு நின்றதற்கும் அடுத்த தடவைக்கும் நடுவே குழந்தை சிரித்து விளையாடும்; நாமும் ஏமாந்துவிடுவோம். ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தால் எனக்குக் கவலை இரட்டிப்பாகும். வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள் என்பதையும் மறக்காமல் அங்கே சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு மூன்று வாரமாக வறட்டு இருமல். சிறுவயதில் எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பதில்: கக்குவான் தடுப்பூசியின் காப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வீட்டிலுள்ளவர்களிடமிருந்தே இது தொற்றுகிறது. எனவே இப்போதைக்குக் குழந்தையைத் தூக்காதீர்கள், தனி அறையில் படுங்கள். கக்குவானுக்கு மூக்கின் உட்புறச் சளியை எடுத்துப் பிசிஆர் (கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) பார்ப்பார்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டியதால் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம்.

கேள்வி: அசித்ரோமைசின் 5 நாள் கொடுத்தும் மகளின் இருமல் நிற்கவில்லையே?

பதில்: மருந்து கிருமியைக் கொன்று, பிறருக்குப் பரவாமல் தடுக்கிறது. கிருமியின் நச்சு புண்ணாக்கிய மூச்சுக்குழாய் ஆற வாரக்கணக்கில் ஆகும். இருமல் சிரப்பால் பெரிய பலனில்லை.

கேள்வி: கழுதைப்பால் புகட்டலாமா?

பதில்: கூடாது. காய்ச்சாத பாலில் வேறு கிருமிகள் போய்ச் சேரும். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடி ஊசி போட்டார்கள். போதுமா?

பதில்: அது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமே. கக்குவானையும் சேர்த்துத் தடுப்பது டிடாப். தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டுக்கொண்டால் உங்கள் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சேரும். குழந்தைக்குக் கக்குவான் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணை ஆறாவது வாரத்தில்தான். அதுவரை அதற்கு வேறு காப்பு இல்லை. இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த கர்ப்பத்திலும் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.