பனியில் பறவைகளைப் படம் எடுக்கும்போது எக்ஸ்போஷரை எப்படிச் சரியாக வைப்பது?

ஆட்டோவில் எடுத்தால் பனி சாம்பலாக வருகிறது, யாரோ சொன்னபடி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, +2 ஏற்றி வைத்தால் பறவை வெளுத்துப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு சிக்கலிலும் நான் ஒரே ஏரிக்கரையில் மாட்டியிருக்கிறேன். அதனால் அந்த இடத்தை வைத்தே சொல்கிறேன்.

கனடாவில், டொரண்டோவுக்கு மேற்கே பர்லிங்டன் ஊரில் லசால் பூங்கா இருக்கிறது. குளிர்காலம் முழுக்க டிரம்பெட்டர் அன்னங்கள் அங்கே வந்து தங்கும். அந்த ஊர் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் இந்த இனத்தின் கடைசிக் காட்டு அன்னம் 1886இல் சுடப்பட்டது. அதற்குப் பிறகு, ஹாரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் 1982இல் தொடங்கிய முயற்சியால்தான் இந்த இனம் அங்கே மறுபடி பிழைத்தது. இன்றைக்கும் பல அன்னங்களின் சிறகில் எண் எழுதிய மஞ்சள் வில்லையைப் பார்க்கலாம். வெள்ளைப் பனிமேல் வெள்ளைப் பறவை. எக்ஸ்போஷர் பழக இதைவிடக் கடினமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் நாள் எடுத்ததெல்லாம் சலவைக்குப் போடாத வேட்டி மாதிரி இருந்தது. காரணம் எளிது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக, அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருளாக எடுத்துக்கொள்ளும். புதுப் பனியோ 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவே இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரு மடங்காகும்). அதனால்தான் +1 முதல் +2 வரை ஏற்றச் சொல்கிறார்கள். மேகம் மூடிய நாளில் நானும் +1⅔ அளவில் தொடங்குவேன், பெரும்பாலும் சரியாகவே வரும்.

வெயில் அடித்தால் கதை வேறு. ஒரு ஜனவரிக் காலை அதே +2இல் இருநூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பனி அழகாக இருந்தது, ஆனால் அன்னத்தின் மார்பில் ஒரு இறகுகூட இல்லை. வெட்டி ஒட்டிய வெள்ளைக் காகிதம்போல இருந்தது. இந்த அன்னங்களின் தலையில் லேசான துருநிறம் படிந்திருக்கும், நீரிலும் சேற்றிலும் உள்ள இரும்பால் வரும் கறை அது. அதுவும் காணாமல் போயிருந்தது.

ஏன் என்று யோசித்தபோதுதான் சூரியனின் உயரம் புரிந்தது. அந்த ஊரில் டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட சூரியன் 23 டிகிரிதான் ஏறுகிறது. தரையில் கிடக்கும் பனிமேல் வெயில் சாய்வாக விழுகிறது. சூரியனைப் பார்த்து நிற்கும் அன்னத்தின் மார்பிலோ நேராக விழுகிறது. ஆகவே மார்பு பனியைவிடப் பிரகாசம். பனிக்குச் சரியாக வைத்தால் பறவை போய்விடும். எனக்குப் பறவைதான் முக்கியம். பனியைப் பிறகு கணினியில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், அழிந்த இறகைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இப்போது நான் செய்வது இதுதான். எல்லா அளவுகளையும் நாமே வைக்கும் மேனுவல் மோடு, ஐஎஸ்ஓவும் (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் இல்லாமல் நிலையாக. பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000 நொடி, லென்ஸ் அதிகபட்சமாகத் திறக்கும் அளவு. பறவைமேல் விழும் அதே வெளிச்சத்தில் இருக்கும் பனியை ஃபிரேம் முழுக்க நிரப்பி, மீட்டர் +1⅓ காட்டும் வரை ஐஎஸ்ஓவை மாற்றுகிறேன். ஒரு படம் எடுத்து, மிகை வெளிச்சம் விழுந்த இடம் மினுக்கும் எச்சரிக்கையைப் பார்க்கிறேன். பறவையின் உடம்பு மினுக்கினால் ⅓ ஸ்டாப் இறக்குகிறேன், மறுபடி பார்க்கிறேன். பனியில் ஓரிரு பளபளப்பு மட்டும் மினுக்கினால் விட்டுவிடலாம். ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம், வலப்பக்கம் குவிந்திருக்க வேண்டும், ஆனால் வலது சுவரில் முட்டக் கூடாது.

அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். அன்னம் பனியிலிருந்து எழும்பி கரும்பச்சைப் பைன் மரங்களுக்கு முன்னால் போகும். பின்னணி தலைகீழாக மாறினாலும் பறவைமேல் விழும் வெயில் மாறவில்லை. ஆட்டோவிலோ அரை ஆட்டோவிலோ இருந்தால் கேமரா மரத்தைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், பறவை எரிந்துபோகும். மேனுவலை நான் இவ்வளவு வற்புறுத்துவது அந்த ஒரு நொடிக்காகத்தான்.

அங்கே எனக்கு ஒரு துணை உண்டு: அன்னக்குஞ்சு. முதல் குளிர்காலத்தில் அதன் உடம்பு அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருக்கும். படத்தில் குஞ்சு சாம்பலாகவும், பக்கத்தில் தாயின் கழுத்தில் இறகு வரிகள் தெரியவும் செய்தால் எக்ஸ்போஷர் சரி. குஞ்சே வெள்ளையாகத் தெரிந்தால் நீங்கள் அதிகம் ஏற்றிவிட்டீர்கள்.

கருங்கழுத்துக் கனடா வாத்துக்கு மேகமூட்டத்தில் இன்னும் ⅔ ஸ்டாப் ஏற்றுவேன், பனி கொஞ்சம் வெளுத்தாலும் கண் தெரிய வேண்டும் என்பதால். சிவப்புக் கார்டினல் பறவை வெயிலில் நின்றால் மூன்று நிற ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். மொத்தம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் முட்டியிருக்கும்.

கேமராத் திரையின் பிரகாசத்தை நம்பாதீர்கள். சுற்றிலும் பனி இருக்கும்போது கண்பாவை சுருங்கியிருக்கும், நல்ல படமும் இருட்டாகத் தெரியும். அதை நம்பி ஏற்றியே நான் பல படங்களைக் கெடுத்திருக்கிறேன். ரா கோப்பாக, அதாவது கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுங்கள். நிழலில் கிடக்கும் பனி நீலம் அதிகமாகிப்போன வேட்டிபோல வரும், ராவில் அதைச் சரிசெய்வது சுலபம்.

மேனுவலில் ஒரு கவனம் தேவை. மேகம் வந்தால் கேமரா தானாக மாறாது. அதற்கு நான் பனிமேல் விழும் என் நிழலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதன் ஓரம் மங்கத் தொடங்கினால் மறுபடி பனியை நிரப்பி, மீட்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.