முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குச் சட்ட உதவி எளிதாகக் கிடைக்க என்ன செய்யலாம்?

இத்தனை அலுவலகங்கள் இருந்தும் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் ஏன் அலைகின்றன, எதை மாற்றினால் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு ஹவில்தாரின் மகள். அப்பா போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வாங்க ஒன்றரை வருடம் அலைந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். தெருவுக்கு நாலு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக் (பணி முடிந்து வரும்போது ராணுவம் தரும் பதிவுப் புத்தகம்), பென்ஷன் உத்தரவு எல்லாமே பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றில் அம்மாவுக்கு இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர். கல்யாணமான புதிதில் அப்பா அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆதாரிலும் வங்கியிலும் வேறு பெயர். விண்ணப்பித்ததும், வடக்கே இருக்கும், வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அம்மா அதைக் கையில் பிடித்தபடி, "கிடையாதுன்னு போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். படித்தவளான எனக்கே அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதில் கேட்டிருந்தது ஒரு பிரமாணப் பத்திரமும், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சான்றும்தான். அது புரியவே நாலு மாதம் ஆனது.

அதற்குள் ஒரு வக்கீலைப் பார்த்தோம். கேஸ் போடலாம், வரும் அரியர்ஸில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்றார். வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்றும் தெரியாது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படித்தான். ஆக, படைவீரரின் மனைவிக்கு இது எப்போதோ எழுதி வைக்கப்பட்ட உரிமை. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கடைசியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் அந்தக் கடிதத்தை வாங்கி, வரி வரியாகத் தமிழில் சொல்லி, பதிலையும் எழுதிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பெரிய குறை அங்கேதான் இருக்கிறது.

2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 'வீர் பரிவார் சகாயதா யோஜனா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாவட்ட சைனிக் போர்டு அலுவலகங்களிலேயே, அதாவது முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே, சட்ட உதவி மையம் வைப்பது அதன் நோக்கம். மனதார வரவேற்கிறேன். ஆனால் அங்கே உட்காருபவருக்குச் சட்டத்தோடு டிஸ்சார்ஜ் புக்கையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவர்களையும், இதே பாதையில் நடந்து வந்த பெண்களையும் பழக்கி உட்கார வைக்கலாம். மாவட்டத் தலைநகரோடு நிற்காமல் தாலுகாவுக்கு மாதம் ஒரு நாளாவது வர வேண்டும்.

வழக்கே தேவைப்பட்டால், படைவீரர்களின் பணி, பென்ஷன் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது, சென்னையில் ஒரு அமர்வு உண்டு. நாகர்கோவிலில் இருக்கும் ஒரு பாட்டிக்கு அது ஒரு ராத்திரிப் பயணம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ அவ்வப்போது முகாம் அமர்வு நடந்தால் எவ்வளவோ நிம்மதி. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது பொது விதி. பென்ஷன் மாதாமாதம் வர வேண்டியது என்பதால், தாமதமானாலும் உரிமை பெரும்பாலும் போய்விடாது. ஆனால் 2008இல் உச்ச நீதிமன்றம் தர்சேம் சிங் வழக்கில் சொன்னபடி, நிலுவைத் தொகையைப் பொதுவாக மூன்று வருடத்துக்குத்தான் தருவார்கள். பத்து வருடம் தெரியாமல் இருந்தவருக்கு ஏழு வருடப் பணம் போனது போனதுதான்.

அப்புறம், பணியில் இருப்பவர்களின் நிலத்தகராறு. போர்ச் சூழலிலோ சிறப்புப் பணியிலோ இருக்கும் வீரர் கோர்ட்டுக்கு வர முடியாதபோது அவர் பக்கம் கேட்காமல் வழக்கை நடத்திவிடாதபடி பாதுகாக்க, 1925ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் உண்டு. எல்லையில் இருக்கும் தம்பியின் வயலுக்கு ஊரில் கேஸ் நடந்தால் அவருடைய கமாண்டிங் ஆபீசரிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம். உங்கள் அப்பாவோ கணவரோ இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தால், ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் அவருடைய கணக்கைத் திறந்து மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். தப்பாக இருந்தால் அவர் இருக்கும்போதே மாற்றுவது சுலபம்.