பிரசென்ட்லி: இப்போதா, பிறகா?

அன்புள்ள ஐயா,

அலுவலகக் கடிதம் ஒன்றில், மேலாளர் 'பிரசென்ட்லி' விடுப்பில் இருக்கிறார் என்று கண்டேன். 'இப்போது' என்று புரிந்துகொண்டேன். பழைய ஆங்கில நாவல் ஒன்றிலோ, எஜமான் 'பிரசென்ட்லி' வருவார் என்கிறாள் பணிப்பெண்; அவர் வர அரைமணி ஆகிறது. எது சரி? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சரிதான். ஆனால் அந்தப் பணிப்பெண்ணின் பாட்டிக்குப் பாட்டி அதே சொல்லைச் சொல்லியிருந்தால், எஜமான் அந்தக் கணமே வந்து நின்றிருக்க வேண்டும்.

இலத்தீனில் 'பிரே' என்றால் முன். 'எஸ்ஸே' என்றால் இருத்தல். கண்முன் இருப்பது என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் 'பிரசென்ட் சார்' என்று எழுந்து நின்றோமே, அதே சொல்தான். அதிலிருந்து பிறந்த 'பிரசென்ட்லி'க்கு அன்று 'உடனே' என்றுதான் பொருள்.

ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்தில் மந்திரவாதி பிராஸ்பெரோ தன் ஏவல் ஆவியான ஏரியலிடம், மற்ற ஆவிகளை அழைத்துவரச் சொல்கிறான். "பிரசென்ட்லியா?" என்கிறது ஏரியல். "ஆம், கண்ணிமைக்கும் நேரத்தில்" என்கிறான். நீங்கள் 'வா, போ' என்று சொல்லி இரண்டு மூச்சு விடுவதற்குள் வந்துவிடுவோம் என்கிறது அது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளிலும், இயேசு சபித்த அத்திமரம் 'பிரசென்ட்லி' பட்டுப்போகிறது. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'உடனே' என்றே இருக்கிறது.

பிறகு ஏன் இப்படித் தளர்ந்தது? மனிதர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, வேறென்ன! எங்கள் தெருமுனை டீக்கடையில் 'இதோ' என்றால் பத்து நிமிடம். 'சூன்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான்: பழைய ஆங்கிலத்தில் 'சோனா' என்றிருந்தபோது அதற்கும் 'உடனே' என்றே பொருள்.

'இப்போது' என்ற பொருளை இந்தியர்களின் பிழை என்று சிலர் திருத்துவார்கள். நம்பாதீர்கள். அதுவும் பல நூற்றாண்டுப் பழையது. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் இன்றும் வழங்குகிறது. எதிர்கால வினையோடு வந்தால் 'சற்று நேரத்தில்', நிகழ்கால வினையோடு வந்தால் 'இப்போது' என்று கொள்ளுங்கள். உங்கள் மேலாளர் விடுப்பில்தான் இருக்கிறார். எப்போது திரும்புவார் என்பதை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.