மறைக்கும் துணி: யார் கண்ணிலிருந்து?

ஆளைக் கண்ணிலிருந்தோ கேமராவிலிருந்தோ மறைப்பதாகச் சொல்லப்படும் மாயத்துணி பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: தனுஷ்கோடி மணலில் ஒருவர் வெள்ளையான தாள் ஒன்றைத் தன் முன் பிடிக்கிறார். இடுப்புக்குக் கீழே ஆளையே காணோம்! வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. கிராபிக்ஸா? நிஜம் என்றால் அந்தத் தாளில் அங்கி தைக்க முடியுமா? (வாசகர், பாம்பன்)

பதில்: கிராபிக்ஸ் இல்லாமலே இதைச் செய்யலாம். சாய்த்தால் பிள்ளையார் மறைந்து முருகன் தெரியும் சாமி படம் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் வரிவரியாக இருக்கும் பிளாஸ்டிக்தான் லெண்டிகுலர் தாள். படம் அச்சடிக்காத வெறும் தாளை வைத்துத்தான் இந்த வித்தை. கனடாவின் ஹைப்பர்ஸ்டெல்த் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வீடியோக்களிலும் இதே வகைத் தாள்தான்.

ஒவ்வொரு வரியும் ஒரு மெல்லிய உருளை லென்ஸ். வரிகள் செங்குத்தாக நிற்கும்படி பிடித்தால், பின்னால் இருப்பதை இடவலமாக மட்டும் இழுத்துப் பரப்பும். தனுஷ்கோடியில் பின்னணி மணல், கடல், வானம் என்று மூன்றே பட்டைகள். இடவலமாக எவ்வளவு இழுத்தாலும் பட்டை பட்டையாகத்தான் தெரியும். நடுவில் நிற்கும் ஆள் மட்டும் கரைந்துபோவார். அதே தாளைப் பாம்பன் பாலத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பாலத்தின் தூண்களும் சேர்ந்து மறைந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு பென்சில் போதும், நீங்களே சோதிக்கலாம். பார்வைக் கோணம் (வரிகள் ஒளியை விரிக்கும் கோணம்) 50 டிகிரி உள்ள தாளின் பின்னால் பென்சிலை நிமிர்த்தி ஒட்டிப் பிடியுங்கள், தெரியும். 15 செ.மீ. பின்னே நகர்த்துங்கள். 7 மி.மீ. பென்சில் சுமார் 14 செ.மீ. அகலத்துக்கு இழுபட்டுக் காணாமல் போகும். இப்போது பென்சிலைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள், திரும்பவும் தெரியும். ஆள் விஷயத்தில் இதே கணக்கு இடிக்கிறது. 45 செ.மீ. அகலமுள்ளவர் ஒரு மீட்டர் பின்னால் நின்றாலும், தாள் இழுக்கும் 93 செ.மீ.-இல் பாதியை அவரே அடைத்துக்கொள்வார்; சாம்பல் நிழலாகத் தெரிவார். பக்கவாட்டில் திரும்பி நின்றால் கொஞ்சம் தேறும்.

அங்கி தைக்க முடியாததற்கும் இதுவே காரணம். அங்கி உடம்போடு ஒட்டும். இடைவெளி இல்லையென்றால் மறைப்பும் இல்லை.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக ஓப்பன்சிவியில் (கணினி படங்களை அலச உதவும் நிரல் தொகுப்பு) ‘மாயப் போர்வை’ செய்கிறேன். சிவப்புப் பட்டுத் துணியைப் போர்த்தினால் என் கையும் சேர்ந்து மறைகிறது. துணியில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. அரியமான் கடற்கரையில் எடுத்தபோது இன்னும் மோசம். (மாணவி, கீழக்கரை)

பதில்: வீடியோவில் துணியின் நிறம் தெரியும் இடத்தில் எல்லாம் பின்னணிப் படத்தை ஒட்டுவதுதான் இந்த வித்தை. மூன்று கோளாறுக்கும் காரணம் வேறுவேறு. ஓப்பன்சிவியின் நிற அளவுகோல் 0 முதல் 179 வரை. சிவப்பு அதன் இரண்டு முனைகளிலும், 0–10 என்றும் 170–179 என்றும் பிரிந்து கிடக்கிறது. நம் தோலின் பழுப்பு முதல் முனையை ஒட்டியே வருவதால்தான் கை மறைகிறது. பச்சைத் துணிக்கு மாறிவிடுங்கள். 40–80 என்று வைத்துத் தொடங்கி, உங்கள் துணிக்கு ஏற்றபடி இறுக்குங்கள்.

ஓட்டைக்குக் காரணம் பட்டு. மடிப்பின் மேட்டில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் இடம் கேமராவுக்கு வெள்ளை. வெள்ளைக்கு நிறச்செறிவு இல்லை, உங்கள் வரம்புக்குள் வராது. பளபளக்காத பருத்தித் துணி வாங்குங்கள். ‘மாஸ்க்’கில், அதாவது துணி என்று நிரல் பிரித்தெடுத்த பகுதியில், மிஞ்சும் புள்ளிகளை 3×3 அளவில் ‘மார்ஃபாலஜி ஓப்பன்’ (சிறு புள்ளிகளை நீக்குதல்) செய்து, பிறகு ஒருமுறை ‘டைலேட்’ (ஓரத்தைச் சற்று விரித்தல்) செய்தால் ஓரமும் சுத்தமாகும்.

கடற்கரையில் கதை வேறு. பின்னணியை முன்கூட்டியே படம்பிடித்து வைத்து அதைத்தான் துணிமேல் ஒட்டுகிறோம். சுற்றிலும் அலை அடிக்க, துணிக்குள் மட்டும் அலை உறைந்து நிற்கும். காற்றில் முக்காலி ஒரு விரற்கடை நகர்ந்தாலும் தொடுவானம் உடைந்து தெரியும். அசையாத சுவரைப் பின்னணியாக வையுங்கள். கேமரா ஓடத் தொடங்கியதும் முதல் 3 விநாடிகளை விட்டுவிட்டு, எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) பூட்டி, 60 ஃபிரேம் எடுத்து அவற்றின் இடைநிலை மதிப்பைப் பின்னணியாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: ‘மெட்டாமெட்டீரியல் அங்கி’ என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், தொண்டி)

பதில்: வேண்டாம். அலையை வளைத்து அனுப்பும்படி நுண்வளையங்களை அடுக்கிச் செய்யும் பொருள்தான் மெட்டாமெட்டீரியல். 2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மறைத்துக் காட்டியது ஒரு சிறு செம்பு உருளையை, அதுவும் 8.5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோ அலையிடமிருந்து. அந்த அலையின் நீளம் சுமார் 3.5 செ.மீ., கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அலையைவிடச் சிறிய வளையங்களை அடுக்கினால்தான் அதை வளைக்க முடியும். அந்த நுணுக்கத்தில் ஆளுயரத் துணி யாரிடமும் இல்லை.

கேள்வி: ஃபிளாஷ் அடித்தால் பளிச்சிடும் ரிஃப்ளெக்டிவ் நூலைச் சேலையில் கேட்கிறார்கள். ஜரிகைபோல நெய்யலாமா? (நெசவாளர், பரமக்குடி)

பதில்: தாராளமாக நெய்யலாம், ஆனால் ஜரிகையைவிடப் பதம் பார்த்துக் கையாள வேண்டும். டோக்கியோவில் ஆய்வாளர் சுசுமு டாச்சியின் குழு 2003-ல் காட்டிய ‘ஊடுருவிப் பார்க்கும் கோட்டு’ இந்த வகைத் துணிதான். முதுகுப் பக்கக் காட்சியைப் புரொஜெக்டர் வழியாக அதன்மேல் பாய்ச்சினார்கள். நுண்ணிய கண்ணாடி மணிகள், ஒளி வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்புகின்றன. ஃபேஷன் உலகம் புரொஜெக்டரை விட்டுவிட்டுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டது. ஃபிளாஷ் அடித்தால் துணி வெள்ளையாக எரிய, தானியங்கிக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும்.

நூல் என்கிறார்களே தவிர, அது தட்டையான ஃபிலிம் கீற்று. பாவில் (நீளவாட்டு நூலில்) ஏற்றாதீர்கள்; தறியின் விழுதிலும் அச்சிலும் உரசி மணிகள் உதிரும். முந்தியில் ஊடையாக (குறுக்கு நூலாக) போடுங்கள். ஊடை நூல் சுற்றிய குழலான தாரின் நுனி வழியாக உருவும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறிக் கீற்று புரண்டுவிடும். ஒருபக்க நூலென்றால் முந்தி திட்டுத்திட்டாக ஒளிரும். இரண்டு பக்கமும் ஒளி திருப்பும் நூலாகக் கேட்டு வாங்குங்கள். கஞ்சி, பிளீச்சிங், துணி மென்மையாக்கும் திரவம் மூன்றும் ஆகாது. கஞ்சியும் திரவமும் மணிமேல் படலமாகப் படிந்து ஒளியை மங்கச் செய்யும். இஸ்திரி மறுபக்கம், குறைந்த சூட்டில்.

ஒரு வேண்டுகோள். இந்த நூல் வைத்த சட்டையை நம்பி யாரும் இரவில் கடலுக்குப் போக வேண்டாம். மணி திறந்திருக்கும் துணி நனைந்தால், மேலே படியும் நீர் ஒளி குவியும் இடத்தை மாற்றிவிடும். தேடுகிறவரின் டார்ச்சுக்குத் துணி இருட்டாகவே இருக்கும். உயிர்காப்பு மிதவை உடுப்பில் நீர் புகாதபடி மூடிய ஒளிதிருப்பும் பட்டைதான் இருக்க வேண்டும்.

கேள்வி: கேமராவை ஏமாற்றும் ஸ்வெட்டர் உண்மையா? (வாசகி, தேவிபட்டினம்)

பதில்: ஓரளவு. இத்தாலியின் கேப்பபிள் நிறுவனப் பின்னலாடைகளின் வண்ணக் கோலத்தைப் பார்த்து, படத்தில் இருப்பது என்னவென்று கண்டறியும் ‘யோலோ’ என்னும் மென்பொருள் ஆளை நாய் என்றோ வரிக்குதிரை என்றோ எண்ணிக்கொள்ளும். அச்சடிக்காமல் நூலிலேயே பின்னுகிறார்கள். ஆனால் கோலம் எந்த மென்பொருளுக்காகக் கணக்கிடப்பட்டதோ அதனிடம்தான் நன்றாகப் பலிக்கும். துணி மடங்கினாலோ, தூரம் கூடினாலோ பிசகும். முகம் திறந்தேதான் இருக்கும். மனிதக் கண்ணுக்கோ, தெருவிலேயே எடுப்பாகத் தெரிகிற உடை அது.

கேள்வி: கணவாய் மீன்போல நிறம் மாறும் துணி வருமா? (ஆசிரியர், மண்டபம்)

பதில்: நிறத்துக்கு முன் சூட்டில் வந்துவிட்டது. கலிபோர்னியாவில் இர்வைன் பல்கலைக்கழகத்தார் 2019-ல், கணவாய்த் தோலைப் பார்த்து ஒரு போர்வைப் பொருள் செய்தார்கள். நீளும் படலத்தின்மேல் நுண்ணிய செம்புத் தீவுகள். இழுத்தால் தீவுகள் விலகி உடற்சூடு வெளியேறும். விட்டால் நெருங்கிச் சூட்டைத் தடுக்கும். கணவாயின் நிறப் பைகளும் இப்படித்தான்: சுற்றிலும் உள்ள தசைகள் இழுத்தால் பை விரியும், விட்டால் புள்ளியாகச் சுருங்கும். உங்கள் மாணவர்களுக்குக் காட்ட ஆய்வுக்கூடம் தேவையில்லை. விடியற்காலையில் கரைக்கு வரும் ஊசிக் கணவாயை ஐஸ் போடும்முன் கைலென்ஸில் பாருங்கள். பிடிபட்ட பிறகும் சிறிது நேரம் செம்பழுப்புப் புள்ளிகள் தோலில் விரிந்து விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும்.