பப்ளிக் ரிலேஷன்ஸ் படிக்கலாமோ? புதுக்குடியிருப்புத் தங்கச்சிக்கு ஒரு பதில்

கேள்வி: ஏ.எல் கலைப்பிரிவு முடிச்சிட்டு நிக்கிறன், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடம். பப்ளிக் ரிலேஷன்ஸ் படிக்க விருப்பம். கொழும்பில ஒரு தனியார் இடத்தில டிப்ளோமாவுக்கு லட்சக்கணக்கில கேக்கினம். அம்மா டீச்சிங்குக்குப் போ எண்டு நிக்கிறா. வன்னியில இருந்துகொண்டு இதில வேலை எடுக்கலாமோ? ஆக்களோட கதைக்கக் கூச்சமும் இருக்கு.

பதில்: படிக்கலாம் தங்கச்சி, ஆனா அந்த டிப்ளோமாவுக்கு இப்ப காசு கட்டாதேங்கோ. ஏனெண்டு சொல்லுறதுக்கு முதல் இந்த வேலை என்னெண்டு கொஞ்சம் சொல்லோணும்.

வெளிய இருந்து பாத்தா பிஆர், அதுதான் பப்ளிக் ரிலேஷன்ஸ், எண்டது வடிவா உடுத்திக்கொண்டு ஹோட்டல்ல ஈவென்ட் நடத்துறது மாதிரித்தான் தெரியும். உள்ளுக்க வந்தா முக்கால்வாசி எழுதுறதும் ஆக்கள் சொல்லுறதைக் கேக்கிறதும்தான். ஒரு கொம்பனியோ திணைக்களமோ ஆஸ்பத்திரியோ செய்யுற வேலை ஆரையெல்லாம் தொடுது, அவையள் என்ன நினைக்கினம் எண்டு அறிஞ்சு மேலிடத்துக்குச் சொல்லோணும், மேலிடம் சொல்லுறதை அவையளுக்கு விளங்குற மாதிரி எழுதோணும், பத்திரிகைக்காரர் போன் எடுத்தா பதில் சொல்லோணும், பிழை நடந்தா அண்டைக்கே அறிக்கை விடோணும். விளம்பரம் வேற. அது காசு குடுத்து வாங்குற இடம். நீங்கள் அனுப்புற செய்தியைப் போடுறதும் விடுறதும் பேப்பர்காரற்ர இஷ்டம்.

உங்கட பக்கத்துக் கதையிலயே சொல்லுறன். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோற திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோட வந்தது. குளத்தைத் திருத்திக் கொள்ளளவைக் கூட்டினா ரெண்டு பக்கத்துக்கும் காணும் எண்டது திட்டக்காரரின்ர கணக்கு. கிளிநொச்சி விவசாயிகள் ஒத்துக்கொள்ளேல்ல, சிறுபோகத்துக்கே, அதாவது வெயில்கால நெல்லுக்கே, தண்ணி இல்லாத வருசம் வந்தா என்ன செய்யுறது எண்டு கேட்டவை. கடைசியில இரணைமடுவை விட்டிட்டு யாழ்ப்பாணப் பக்கம் தாழையடிக் கடற்கரையில கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் கட்டி 2024இல திறந்தாச்சு. எல்லாத்தையும் பிஆர் தலையில கட்ட மாட்டன், அதுக்குள்ள அரசியலும் இருந்தது, பழைய கசப்பும் இருந்தது. ஆனா ஒரு திட்டத்தின்ர கணக்கு பேப்பரில எவ்வளவு சரியா இருந்தாலும் வாய்க்கால் கரையில நிக்கிற ஆள் நம்பாட்டி அது நகராது, அந்த நம்பிக்கை எங்க உடையுது எண்டு முன்கூட்டியே போய்ப் பாத்து வந்து சொல்லுற ஆளுக்குத்தான் இந்தத் துறையில மதிப்பு.

குரூனிக், ஹன்ட் எண்ட ரெண்டு அமெரிக்கப் பேராசிரியர்மார் 1984இல பிஆரை நாலாப் பிரிச்சு எழுதினவை. சத்தம் போட்டு ஆளை இழுக்கிறது, தகவலை மட்டும் குடுத்திட்டு விடுறது, ஆக்களின்ர மனசை ஆராய்ஞ்சு எங்கட பக்கம் திருப்புறது, நாலாவது ரெண்டு பக்கமும் கேட்டு ரெண்டு பக்கமும் மாறுறது. எந்த கோர்ஸுக்குப் போனாலும் இது வரும். சோதினையில எல்லாரும் நாலாவதைப் புகழ்ந்து எழுதுவினம், வேலைக்கு வந்தாப் பிறகு ரெண்டாவதோட நிப்பினம், அது வேற கதை.

இனி வன்னியில வேலை. பிஆர் ஒஃபிசர் எண்டு பேர் போட்ட வேலை இங்க குறைவு, பேரைத் தேடினா ஏமாந்து போவீங்கள், வேலையைத் தேடுங்கோ. மிதிவெடி அகற்றுற நிறுவனங்களைப் பாருங்கோ, வெடி எடுக்கிறதுக்கு முன்னமும் பிறகும் ஊருக்குள்ள போய், எந்தக் காணி சந்தேகம், எப்ப விடுவிப்பினம், சின்னப்பிள்ளையள் எதைத் தொடக்கூடாது எண்டு கதைக்கிறதுக்கெண்டே ஆக்கள் வச்சிருக்கினம். என்னைக் கேட்டா பிஆர்ல அதைவிடப் பொறுப்பான வேலை இல்ல. என்ஜீஓக்களில கொமியூனிகேஷன் ஒஃபிசர், மாவட்ட செயலகங்களில ஊடகப் பிரிவு, ஆடைத் தொழிற்சாலை, வங்கி, கூட்டுறவு எண்டு பேர் மாறி மாறி வரும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தாப் பிறகு ஒவ்வொரு அரச நிறுவனத்திலயும் தகவல் அலுவலர் ஒருத்தர் இருக்கோணும், தகவல் கேட்டு வாற விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும். அந்த அலுவலர் பொறுப்பை அனேகமா உள்ளுக்க இருக்கிற ஒரு உத்தியோகத்தரிட்டத்தான் குடுக்கினம், ஆனாலும் இந்தச் சட்டத்தை வடிவாத் தெரிஞ்ச ஆளுக்கு எங்க போனாலும் ஒரு படி கூட. என்ஜீஓ வேலையில ஒண்டை மறக்காதேங்கோ, புரொஜெக்ட் முடிய வேலையும் முடியும்.

இப்ப படிப்புக்கு வருவம். கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற ஏ.எல் இசட் ஸ்கோர் காணுமெண்டா முதல்ல கம்பஸ். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில ஊடகக் கற்கைகள் இருக்கு, களனியில வெகுசனத் தொடர்பாடல் இருக்கு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ர ஸ்ரீபாளி வளாகம் ஹொரணையில இருக்கு. வவுனியா வளாகம் 2021இல தனிப் பல்கலைக்கழகமாகிட்டுது, பம்பைமடுவில வணிகக் கற்கைகள் பீடம் இருக்கு, ஆனா கலைப்பிரிவில செய்த உங்களுக்கு எதுக்கு விண்ணப்பிக்கலாம் எண்டதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர கைநூலில பாத்துத்தான் முடிவெடுக்கோணும், ரியூசன் சேர் சொன்னதை வச்சு இல்ல. டிகிரியில பிஆர் எண்ட சொல் இல்லாட்டியும் பரவாயில்ல, மூண்டு நாலு வருசம் எழுதி எழுதிப் பழகிறதுதான் பிறகு உதவும். பிஆருக்கெண்டு தனிச் சான்றிதழ் வேணுமெண்டா பிரிட்டனில 1948இல தொடங்கின சிஐபிஆர் எண்ட பிஆர்காரரின்ர தொழில் நிறுவனத்தின்ர கோர்ஸுகள் இருக்கு, கட்டணம் பவுண்ஸில, அதை வேலைக்குப் போய் உங்கட சொந்தக் காசில செய்யுங்கோ.

கம்பஸ் கிடைக்காட்டி அந்த டிப்ளோமாவைத் திருப்பி யோசிக்கலாம். அப்பவும் மூண்டாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்ச இடமோ, ஆர் படிப்பிக்கினம், போன வருசம் முடிச்ச ஆக்கள் இப்ப எங்க வேலை செய்யினம் எண்டு கேளுங்கோ. கடைசிக் கேள்விக்கு மழுப்பினா எழும்பி வாங்கோ.

டிப்ளோமாவைவிட முக்கியம் மொழி. இங்கிலீஷ் வேணுமெண்டு எல்லாரும் சொல்லுவினம், நான் சிங்களத்தையும் அதோட சேத்துச் சொல்லுவன். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கும் முல்லைத்தீவுச் சனத்துக்கும் நடுவில மூண்டு மொழியிலயும் கதைச்சு எழுதக்கூடிய ஆக்கள் கொஞ்சம்தான், அந்த இடத்துக்கு உங்களை மாதிரிப் பிள்ளையள் வரோணும்.

கூச்சத்தைப் பற்றி நான் பெரிசாக் கவலைப்படேல்ல. வாய் ஓயாமக் கதைக்கிற ஆக்கள் இந்தத் துறையில கனபேர் இருக்கினம், மற்றவையள் சொல்லுறதைக் குறிச்சு வச்சு அடுத்தநாள் சரியாத் திருப்பிச் சொல்லுற ஆக்கள்தான் இல்ல. அம்மாவோட சண்டை வேண்டாம், ஊடகப் பட்டம் எடுத்தாலும் பட்டதாரி ஆசிரியர் நியமனம் அழைச்சா பாடத்தைப் பாத்து விண்ணப்பிக்கலாம், அதைச் சொன்னா அவ கொஞ்சம் இறங்கி வருவா.

ரிசல்ட் வாறவரைக்கும் சும்மா இருக்காதேங்கோ. ஊர் கூட்டுறவுச் சங்கமோ மாதர் சங்கமோ விளையாட்டுக் கழகமோ ஒண்டைப் பிடிச்சு அவையின்ர அறிவித்தல், கூட்டக் குறிப்பு, ஃபேஸ்புக் போஸ்ட், பேப்பருக்கு அனுப்புற செய்தி எல்லாத்தையும் நீங்களே எழுதிக் குடுங்கோ, ஒவ்வொண்டிலயும் ஒரு கொப்பி ஃபைலில போட்டு வையுங்கோ. செய்தி பேப்பரில வந்தா வெட்டி ஒட்டுங்கோ, வராட்டி நிருபருக்குப் போன் எடுத்து ஏன் போடேல்ல எண்டு பணிவாக் கேளுங்கோ.