பையனைக் கொடுக்கலாமா?

சிகாகோவிலிருந்து ஒரு வாசகர்: ஜூலை பிறந்தால் போதும், அணிகள் ஆள் மாற்றும் காலம், எங்கள் ஆபீஸில் பேஸ்பால் பேச்சுதான். மைனர் லீகில் (மேஜர் லீகுக்கு முந்தைய படி) வளர்ந்துவரும் பையனைக் கொடுத்துவிட்டு வேறு அணியின் அனுபவசாலியை வாங்கலாமா கூடாதா என்று ஒரே சண்டை. நீங்கள் எந்தக் கட்சி?

கொடுக்கலாம் என்கிற கட்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை.

உங்கள் ஊர் கப்ஸ் அணியையே பாருங்கள். 2016 ஜூலையில் கிளேபர் டோரஸ் என்ற 19 வயதுப் பையனையும் கூடவே மூன்று பேரையும் யாங்கீஸுக்குக் கொடுத்து, அரோல்டிஸ் சாப்மன் என்ற பந்து வீச்சாளரை வாங்கினார்கள். சாப்மனின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், முடிந்ததும் மனிதர் யாங்கீஸுக்கே திரும்பிப் போனார், டோரஸ் 2018, 2019 இரண்டு வருடமும் ஆல் ஸ்டார் (நட்சத்திர அணிக்குத் தேர்வு) ஆனார். ஏட்டுக் கணக்கில் நஷ்டம்தான். ஆனால் 108 வருடம் கழித்து கோப்பை வந்ததே! (கடைசி ஆட்டத்தில் அதே சாப்மன் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) கொடுத்து எல்லோர் உயிரையும் எடுத்தார், அது வேறு கதை.)

பையன்களுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்றால், மேஜர் லீகுக்கு வந்தபின் சுமார் ஆறு வருடம் அவன் அணியின் கைக்குள்தான். அதில் முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்ச சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். ஆகவே கொடுப்பது ஒரு ஆளை மட்டுமல்ல, மலிவான ஆறு வருடத்தை.

டிட்ராய்ட் 1987-இல் செய்ததை எல்லோரும் கேலி செய்வார்கள். ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை அட்லாண்டாவுக்குக் கொடுத்து 36 வயது டாயில் அலெக்ஸாண்டரை வாங்கியது, இருவருமே பந்து வீச்சாளர்கள். ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றுவது) என்று குவித்து, ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போய்விட்டார். ஆனால் அந்த சீசனில் ஆகஸ்ட் வரை அவர் டபுள் ஏ (மைனர் லீகில் ஒரு தட்டு) அணியில் 4 வெற்றி, 10 தோல்வி. அலெக்ஸாண்டரோ வந்த பிறகு 9 ஆட்டம் ஜெயித்தார், ஒன்றுகூடத் தோற்கவில்லை, டொராண்டோவை 2 ஆட்ட வித்தியாசத்தில் முந்தி டிவிஷனில் (லீகின் ஒரு பிரிவு) முதலிடம் கிடைத்தது. பிளே ஆஃபில் (கோப்பைக்கான அடுத்த சுற்று) மின்னசோட்டாவிடம் உதை வாங்கினார்கள், அது சரி. ஆனாலும் நான் டிட்ராய்ட் பக்கம்தான்.

பாஸ்டன் 1990-இல் செய்ததுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. ஆகஸ்ட் கடைசியில் லாரி ஆண்டர்சன் என்ற ரிலீவரை (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்) வாங்க ஜெஃப் பேக்வெல் என்ற இளம் பேட்டரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் 22 இன்னிங்ஸ் வீசினார், நன்றாகத்தான் வீசினார், டிவிஷனும் கிடைத்தது, அப்புறம் ஓக்லண்ட் நாலு ஆட்டத்திலும் சாத்தி அனுப்பியது. சீசன் முடிந்ததும் ஆண்டர்சன் சான் டியேகோவுக்குக் கிளம்பிவிட்டார். பேக்வெல்லிடம் பவர் இல்லை என்று பேச்சு, அந்த வருடம் டபுள் ஏ-வில் அடித்ததே 4 ஹோம் ரன். ஹூஸ்டனில் 449 அடித்தார்! ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஒரு ஸ்டார்ட்டருக்கு என்றால்கூட மனசு ஆறும், 22 இன்னிங்ஸுக்காகவா?

ஆகவே பையன் பெரிய ஆளாவானா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அது யாருக்கும் தெரியாது. வருகிற ஆள் அணியின் பெரிய ஓட்டையை அடைப்பாரா, அடைத்தால் கோப்பை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் கொடுங்கள். நடுவில் நிற்கிற அணி கொடுத்தால் பைத்தியக்காரத்தனம்.

அதே வாசகர்: சம்பந்தப்பட்ட பையனைக் கேட்க மாட்டார்களா?

மாட்டார்கள். மேஜர் லீகில் 10 வருடம் ஆடி, அதில் கடைசி 5 வருடம் ஒரே அணியில் இருந்தால்தான் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை தானாக வரும். பையனுக்கு ஏது?

2015 ஜூலை 29 அன்று மெட்ஸ் அணியின் வில்மர் ஃபுளோரெஸ், தன்னை விற்றுவிட்டார்கள் என்பதை ஆட்டத்தின் நடுவே ரசிகர்கள் மூலம்தான் தெரிந்துகொண்டார். பதினாறு வயதில் சேர்ந்த அணி, மைதானத்தில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த டிரேட் (ஆள் மாற்றம்) கடைசியில் நடக்கவே இல்லை. இரண்டே நாளில், 12-வது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் வாஷிங்டனைத் தோற்கடித்தது.

அதே ஜூலை 31-இல்தான் மெட்ஸ், மைக்கேல் ஃபுல்மர் என்ற இளம் பந்து வீச்சாளரைக் கொடுத்து செஸ்பெடஸ் என்ற பேட்டரை வாங்கியது. ஃபுல்மர் அடுத்த வருடமே சிறந்த புதுமுகம் ஆனார், மெட்ஸோ அந்த வருடமே வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதிப் போட்டி வரை போனது. அந்த டிரேட் எனக்கு ஓகே.